பூட்டைக் கழற்றுவதற்கு முன்: ரஸ்ட் மொழியில் பூட்டற்ற நிரலாக்கம்

2003 ஓகஸ்ட் 14ஆம் திகதி பிற்பகல். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஒரு மின்விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. மணி ஒலிக்கவில்லை. திரையில் எதுவும் மாறவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே பணியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். வெளியே உயரழுத்த மின்கம்பிகள் மரங்களில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்துகொண்டிருந்தன. மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில் அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒன்ராறியோவும் இருளில் மூழ்கின. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 5 கோடிப் பேர். ரொறன்ரோவில் வாழும் நம்மவர்கள் பலருக்கு அந்த இரவு இன்னும் நினைவிருக்கும்.

அந்த மின்தடைக்குக் காரணங்கள் பல. எச்சரிக்கை மென்பொருளின் பிழை அவற்றில் ஒன்று. அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் நிரலைத் துருவ வேண்டியிருந்தது. ஒரே தரவில் இரண்டு செயல்கள் ஒரே கணத்தில் எழுதிவிட்டன, தரவு குழம்பியது, மென்பொருள் முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொண்டது. அதற்கு முன் அந்த மென்பொருள் உலகின் பல இடங்களிலும் மொத்தமாக 30 இலட்சம் மணித்தியாலங்களுக்கு மேல் ஓடியிருந்தது என்றும், அந்தப் பிழை ஒருதடவைகூடத் தலைகாட்டவில்லை என்றும் அதைத் தயாரித்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் கூறியது.

ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் நிரல்களின் பிழைகள் இத்தகையவை. சோதித்துப் பார்த்தால் அகப்படாமல், ஒருநாள் அகப்படும். கணினியில் இரண்டு, நான்கு, எட்டு என்று கருக்கள் பெருகிவிட்ட காலத்தில் இந்த வகை நிரலாக்கத்தைத் தவிர்க்க முடியாது. அதில் மிகக் கடினமான பகுதி, பூட்டற்ற நிரலாக்கம். அது என்ன, ரஸ்ட் போன்ற ஓர் அமைப்பு மொழியில் அதை எப்படிப் படிப்படியாகக் கற்கலாம் என்பதைப் பார்ப்போம்.

ஒரு கொப்பி, இரண்டு விற்பனையாளர்கள்

ஒரு சங்கக் கடையில் சீனி மூட்டைக் கணக்குக்கு ஒரே கொப்பி இருக்கிறது. இரண்டு விற்பனையாளர்கள். கொப்பியில் 50 என்று இருக்கிறது. முதலாமவர் பார்த்துவிட்டு ஒரு மூட்டையை விற்கிறார். அவர் எழுதுவதற்குள் இரண்டாமவரும் அதே 50ஐப் பார்த்துவிட்டு இன்னொன்றை விற்கிறார். இருவரும் 49 என்று எழுதுகிறார்கள். விற்றது இரண்டு, கணக்கில் குறைந்தது ஒன்று.

கணினியில் இந்த விற்பனையாளர்களுக்கு இழைகள் என்று பெயர். ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைத் தொடர்கள் அவை. கொப்பி என்பது அவை பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகம். ‘எண்ணிக்கையில் ஒன்றைக் குறை’ என்ற ஒற்றை வரி, உள்ளே வாசி, கழி, எழுது என்று மூன்று படிகளாகவே நடக்கக்கூடும். அந்தப் படிகளுக்கு நடுவே இன்னோர் இழை நுழைந்தால் கணக்குப் பிழைக்கிறது.

பழைய தீர்வு பூட்டு. கொப்பியை லாச்சியில் வைத்துப் பூட்டி, ஒரே ஒரு திறப்பை வைத்திருக்க வேண்டும். திறப்பை எடுத்தவர் வாசித்து, எழுதி, மூடி, திறப்பைத் திரும்ப வைத்த பிறகே அடுத்தவர் தொடலாம். ஒருவர் மட்டுமே உள்ளே இருக்க வேண்டும் என்ற இந்தச் சிக்கலை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இல் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரையில் வரையறுத்துத் தீர்வும் தந்தார். இன்று மியூடெக்ஸ் என்று அழைக்கப்படும் பூட்டுகள் அந்த வழியில் வந்தவை. பெரும்பாலான நிரல்களுக்கு அவை போதும்.

திறப்போடு போனவர்

பூட்டின் பலவீனம், திறப்பை வைத்திருப்பவர் நின்றுவிட்டால் எல்லோரும் நின்றுவிடுவதுதான். அவர் தேநீர் குடிக்கப் போனால் கடையே காத்திருக்கும்.

1997 ஜூலை 4ஆம் திகதி செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு இதுதான் நடந்தது. வானிலைத் தரவைச் சேர்க்கும் முன்னுரிமை குறைந்த வேலை ஒரு பூட்டை எடுத்தது. அதை முடிப்பதற்குள் நடுத்தர முன்னுரிமையுள்ள வேறொரு வேலை செயலியைப் பிடித்துக்கொண்டது. அதே பூட்டுக்காக, எல்லாவற்றிலும் முக்கியமான வேலை வாசலில் காத்து நின்றது. அந்த முக்கிய வேலை உரிய நேரத்தில் முடியவில்லை என்பதைக் கண்ட கண்காணிப்பு அமைப்பு, கணினியை மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்தது. பூட்டை வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக முன்னுரிமையை உயர்த்தும் வசதி அந்த மென்பொருளில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பொறியியலாளர்கள் பூமியிலிருந்து அதை இயக்கிவிட்டார்கள்.

பூட்டற்ற நிரலாக்கம் பிறந்தது இந்தக் கவலையிலிருந்து. பலர் நினைப்பதுபோல அதன் வரைவிலக்கணத்தில் வேகம் என்ற சொல்லே இல்லை. எந்த ஓர் இழை எந்த இடத்தில் உறைந்து நின்றாலும், மற்ற இழைகளில் ஏதாவது ஒன்றின் வேலையாவது முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அதன் உத்தரவாதம். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான படிகளுக்குள் தன் வேலையை முடித்தே தீரும் என்றால், அது இன்னும் கடுமையான உத்தரவாதம். அதற்குக் காத்திருப்பற்ற நிரல் என்று பெயர்.

‘இன்னும் 50தானா?’

பூட்டில்லாமல் கணக்கெழுத, செயலியிடமிருந்தே ஒரு சிறப்புக் கட்டளை தேவை. ஒப்பிட்டு மாற்று என்பது அதன் பொருள். ‘கொப்பியில் இன்னும் 50 இருந்தால் 49 ஆக்கு, இல்லையென்றால் தொடாதே, இப்போது இருப்பதைச் சொல்’ என்று ஒரே மூச்சில் கேட்பது போன்றது. ஒப்பிடுவதற்கும் மாற்றுவதற்கும் நடுவே வேறு யாரும் நுழைய முடியாது. இப்படிப் பிளவுபடாமல் நடப்பவை அணுச்செயல்கள் எனப்படும்.

மாற்று வெற்றியளித்தால் வேலை முடிந்தது. தோற்றால், நமக்கு முன் வேறொருவர் வென்றுவிட்டார் என்று பொருள். புதிய எண்ணைப் பார்த்து மீண்டும் முயல வேண்டும். ஒருவரின் தோல்வியே இன்னொருவரின் முன்னேற்றத்துக்குச் சான்று என்பதால்தான் மேற்சொன்ன உத்தரவாதம் கிடைக்கிறது. ரஸ்ட்டில் இந்தக் கட்டளைக்குக் கொம்பெயார்_எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். அதன் பின்னால் ‘வீக்’ சேர்ந்த வடிவமும் உண்டு. ஏஆர்எம் செயலிகளில் அது காரணமின்றியும் தோற்கக்கூடும். எனவே சுற்றுக்குள் வைத்தே பயன்படுத்த வேண்டும்.

இந்தக் கட்டளை ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/370 கணினிகளிலேயே இருந்தது. அதைக்கொண்டு பூட்டில்லாத அடுக்கு ஒன்றை அமைப்பது எப்படி என்று அதே நிறுவனத்தின் ட்ரைபர் 1986இல் எழுதினார். 1991இல் மொரிஸ் ஹெர்லிஹி ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார்: வெறும் வாசிப்பும் எழுத்தும் மட்டும் இருந்தால், இரண்டு இழைகள்கூடக் காத்திருப்பின்றி ஓர் ஒருமித்த முடிவுக்கு வர முடியாது, ஒப்பிட்டு மாற்றும் கட்டளை இருந்தால் எத்தனை இழைகளும் வரலாம். 1996இல் மேகெட் மைக்கேலும் மைக்கேல் ஸ்கொட்டும் வெளியிட்ட பூட்டற்ற வரிசையை அடிப்படையாகக் கொண்ட ஒன்று இன்றும் ஜாவாவின் அடிப்படை நூலகத்தில் இருக்கிறது.

எழுதிய ஒழுங்கும் தெரியும் ஒழுங்கும்

கற்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். நாம் எழுதிய வரிசையிலேயே கட்டளைகள் நடக்கும் என்று நம்புகிறோம். ஓர் இழைக்குள் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தொகுப்பியும் செயலியும் வேகத்துக்காக வரிசையை மாற்றுகின்றன. அந்த மாற்றம் மற்ற இழைகளின் கண்ணில் படலாம்.

கடைக்குள் சரக்கை அடுக்கிவிட்டு, வாசலில் ‘சரக்கு வந்துவிட்டது’ என்று பலகை மாட்டுகிறோம். வெளியே நிற்பவருக்குப் பலகை முதலில் தெரிகிறது. உள்ளே வந்தால் தட்டு வெறுமையாக இருக்கிறது. நிரலில் பலகை என்பது ஓர் அணு மாறி. சரக்கு என்பது அதற்கு முன் எழுதிய தரவு.

இதைத் தடுக்க, ஒவ்வோர் அணுச்செயலுக்கும் நினைவக ஒழுங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ரஸ்ட் இதில் சி++ மொழியின் விதிகளையே பின்பற்றுகிறது. பலகை மாட்டுபவர் ‘ரிலீஸ்’ என்று எழுதுகிறார்: இதற்கு முன் நான் செய்தவை எல்லாம் சேர்ந்தே தெரியட்டும். பார்ப்பவர் ‘அக்வயர்’ என்று வாசிக்கிறார்: பலகையைக் கண்டால் அதற்கு முன் நடந்தவை எல்லாம் எனக்குத் தெரியட்டும். இரண்டும் சோடியாக இருந்தால்தான் பயன். ஒரு பக்கம் மட்டும் போட்டால் உத்தரவாதம் இல்லை.

‘ரிலாக்ஸ்ட்’ என்பது அந்த ஒரு மாறியின் கணக்கு பிழைக்காது என்பதற்கு மேல் எந்த ஒழுங்கையும் தராது. வருகையாளர் எண்ணிக்கை போன்றவற்றுக்கு அது போதும். எல்லாவற்றிலும் கடுமையானது ‘சீக்-சிஎஸ்டி’. அதைப் பயன்படுத்தும் செயல்கள் யாவும் எல்லா இழைகளும் ஒப்புக்கொள்ளும் ஒரே வரிசையில் அமையும்.

ரஸ்ட்டின் ‘ஆர்க்’ என்ற பகிர்வுக் கருவியைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளியும். ஒரு தரவை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று அது எண்ணுகிறது. புதிதாக ஒருவர் சேரும்போது ரிலாக்ஸ்ட் போதும். ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவரிடமிருந்துதான் அவர் பெறுகிறார், ஆகவே தரவு அழியும் அபாயம் இல்லை. விலகும்போது ரிலீஸ் வேண்டும். கடைசியாக விலகுபவர் தரவை அழிப்பதற்கு முன் அக்வயர் செய்தாக வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் அந்தத் தரவில் செய்த கடைசி வேலைகள் முடியுமுன்னரே அது அழிந்துபோகலாம்.

இதில் சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. மடிகணினிகளில் பரவலாக உள்ள இன்டெல், ஏஎம்டி செயலிகள் ஒழுங்கில் கண்டிப்பானவை. ஓர் எழுத்துக்குப் பின் வரும் வேறிட வாசிப்பு முந்திக்கொள்வது ஒன்றைத்தான் அவை அனுமதிக்கின்றன. கைப்பேசிகளில் உள்ள ஏஆர்எம் செயலிகள் தளர்வானவை. ரிலீஸ் போட வேண்டிய இடத்தில் ரிலாக்ஸ்ட் போட்ட நிரல், மடிகணினியில் ஆண்டுக்கணக்கில் ஓடிவிட்டுக் கைப்பேசியில் தவறலாம்.

அதே நிறக் கைக்குட்டை

வவுனியா பேருந்து நிலையத்தில் ஒருவர் யாழ்ப்பாணம் போகும் பேருந்தின் ஜன்னல் இருக்கையில் நீலக் கைக்குட்டையைப் போட்டு இடம்பிடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். அதற்குள் அந்தப் பேருந்து புறப்பட்டுவிடுகிறது. அதே இடத்தில் மன்னார் பேருந்து வந்து நிற்கிறது; அதே ஜன்னலோரத்தில் வேறு யாரோ போட்ட நீலக் கைக்குட்டை. திரும்பி வந்தவர் கைக்குட்டையைப் பார்க்கிறார், ஏறி அமர்கிறார்.

ஒப்பிட்டு மாற்றும் கட்டளையும் கைக்குட்டையை மட்டுமே பார்க்கும். மதிப்பு அதேதானா என்று கேட்குமே தவிர, நடுவில் என்ன நடந்தது என்று கேட்காது. ட்ரைபரின் அடுக்கில் மேலே ‘அ’, கீழே ‘ஆ’ இருக்கின்றன என்று வைப்போம். முதலாம் இழை ‘அ’வை எடுத்து ‘ஆ’வை மேலே கொண்டுவரத் தயாராகி, அந்தக் கணத்தில் உறங்கிவிடுகிறது. இரண்டாம் இழை ‘அ’வையும் ‘ஆ’வையும் எடுத்து, ‘ஆ’வின் நினைவகத்தை அழித்துவிட்டு, ‘அ’வை மட்டும் மீண்டும் மேலே வைக்கிறது. விழித்த முதலாம் இழை பார்க்கிறது: மேலே ‘அ’தான். மாற்று வெற்றியடைகிறது. இப்போது அடுக்கின் உச்சியில், அழிக்கப்பட்ட ‘ஆ’. இதற்கு ஏபிஏ சிக்கல் என்று பெயர். நினைவக ஒழுங்கை எவ்வளவு கடுமையாக்கினாலும் இது தீராது.

அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அடுக்கிலிருந்து எடுத்த பொருளின் நினைவகத்தை எப்போது விடுவிக்கலாம்? வேறோர் இழை அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கலாமே. ஜாவாவில் கழிவு சேகரிப்பான் இதைக் கவனித்துக்கொள்கிறது. ரஸ்ட், சி++ போன்ற மொழிகளில் நிரலாளரே பொறுப்பு. 2004இல் இரண்டு வழிகள் முழு வடிவம் பெற்றன. மேகெட் மைக்கேலின் வழியில், ஒவ்வோர் இழையும் தான் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் முகவரியைப் பொதுவில் அறிவிக்கிறது. அறிவிக்கப்பட்டதை யாரும் அழிப்பதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கியர் ஃப்ரேசர் எழுதிய ஆய்வேடு காலகட்ட முறையை முன்வைத்தது. ஒரு பொருள் நீக்கப்பட்ட காலகட்டத்தில் உள்ளே இருந்த இழைகள் எல்லாம் வெளியேறிய பிறகே அது அழிக்கப்படும். ரஸ்ட்டில் பரவலாகப் பயன்படும் கிராஸ்பீம் நூலகம் இந்த இரண்டாம் முறையைப் பின்பற்றுகிறது.

இதற்கும் விலை உண்டு. காலகட்ட முறையில் ஓர் இழை உள்ளேயே உறைந்துவிட்டால், யாருடைய வேலையும் நிற்காது. ஆனால் நினைவகம் விடுவிக்கப்படாமல் குவிந்துகொண்டே போகும். வாசலால் வெளியேற்றிய சிக்கல் ஜன்னலால் திரும்பி வருகிறது.

ரஸ்ட் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது

2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட், ‘பயமற்ற ஒருங்கியக்கம்’ என்ற பெயரோடு வந்தது. அதில் உண்மை இருக்கிறது. இரண்டு இழைகள் ஒழுங்கின்றி ஒரே தரவில் எழுதும் நிலையை, பாதுகாப்பான ரஸ்ட் நிரலில் தொகுப்பியே மறுத்துவிடும். எந்த வகைத் தரவை இன்னோர் இழைக்கு அனுப்பலாம், எதைப் பகிரலாம் என்பதை ‘சென்ட்’, ‘சிங்க்’ என்னும் இரண்டு குறிகள் தீர்மானிக்கின்றன.

ஆனால் சங்கக் கடைப் பிழையைப் பாதுகாப்பான ரஸ்ட்டிலேயே எழுத முடியும். ஓர் அணு எண்ணை ‘லோட்’ செய்து, ஒன்றைக் கூட்டி, ‘ஸ்டோர்’ செய்தால் தொகுப்பி ஒரு சொல்லும் சொல்லாது. தனித்தனியே இரண்டும் அணுச்செயல்கள்தான். நடுவே இடைவெளி இருக்கிறது, அவ்வளவே. தவறான நினைவக ஒழுங்கையும் அது பிடிக்காது. பூட்டற்ற அடுக்கை எழுத இறங்கினால் ‘அன்சேஃப்’ பகுதிக்குள் போக வேண்டிவரும். அங்கே பொறுப்பு முழுவதும் எழுதுபவருடையது.

எங்கிருந்து தொடங்குவது

முதல் பயிற்சி எண்ணிக்கை. இரண்டு இழைகள், ஒவ்வொன்றும் 10 இலட்சம் தடவை ஒன்றைக் கூட்டட்டும். முதலில் லோட், ஸ்டோர் கொண்டு எழுதினால் விடை 20 இலட்சத்துக்குக் குறைவாக, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரக் காணலாம். பின்னர் ‘ஃபெட்ச்_அட்’ என்ற ஒற்றை அணுச்செயலால் எழுதினால் விடை எப்போதும் சரியாக 20 இலட்சம். இந்தப் பிழையைத் தன் கண்ணால் ஒருதடவை பார்த்தவர் மறக்க மாட்டார்.

அடுத்து, அணு மாறி ஒன்றைக்கொண்டு சொந்தமாக ஒரு பூட்டு. பூட்டில்லாமல் எழுதக் கற்பவர் பூட்டைச் செய்துபார்ப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் ரிலீஸும் அக்வயரும் கைவசப்படுவது அங்கேதான். அதன்பின் ஒருதடவை மட்டும் செய்தி அனுப்பும் வாய்க்கால், பிறகு சொந்த ஆர்க். கடைசியாக ட்ரைபரின் அடுக்கு: முதலில் எதையும் அழிக்காமல் நினைவகத்தை ஒழுகவிட்டு எழுதுவது, பிறகு கிராஸ்பீம் கொண்டு விடுவிப்பது. 2023இல் வெளியான மாரா பொஸ் எழுதிய நூல் பூட்டு, வாய்க்கால், ஆர்க் என்ற வரிசையிலேயே கற்பிக்கிறது. இணையத்தில் அதை இலவசமாக வாசிக்கலாம். கோட்பாட்டுக்கு ஹெர்லிஹியும் நீர் ஷவிட்டும் எழுதிய பாடநூல் உண்டு.

விலையுயர்ந்த கணினி எதுவும் தேவையில்லை. அன்ட்ரொய்ட் கைப்பேசியில் டெர்மக்ஸ் செயலியை நிறுவி, அதற்குள் ரஸ்ட்டை நிறுவ முடியும். தளர்வான ஒழுங்கைப் பார்ப்பதற்குக் கையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசி, மடிகணினியைவிட நல்ல ஆய்வுகூடம். பலகையையும் சரக்கையும் நினைவகத்தில் தள்ளித் தள்ளி வைத்து, ரிலாக்ஸ்ட் கொண்டு பல இலட்சம் தடவை ஓடவிட்டால் வரிசை மாறுவது தென்படக்கூடும்.

தென்படாவிட்டாலும் நிரல் சரி என்று ஆகாது. அதற்காகத்தான் கருவிகள். ‘லூம்’ ஒரு சிறிய சோதனையை எடுத்து, இழைகள் மாறி மாறி ஓடக்கூடிய வழிகளை முறையாக ஒவ்வொன்றாக நடத்திப் பார்க்கிறது. ‘மிரி’ நிரலை வரிவரியாக இயக்கி, அழித்த நினைவகத்தைத் தொடுவதையும் தரவுப் போட்டியையும் காட்டிக்கொடுக்கிறது. இவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, ஒவ்வோர் அக்வயருக்கும் பக்கத்தில் அதன் சோடியான ரிலீஸ் எங்கே இருக்கிறது என்று குறிப்பெழுதுவது. எழுத முடியவில்லை என்றால் நிரல் இன்னும் நமக்கு விளங்கவில்லை.

எப்போது பூட்டே போதும்

யாரும் போட்டியிடாத நேரத்தில் லினக்ஸில் ரஸ்ட்டின் மியூடெக்ஸைப் பூட்டுவதற்கு ஓர் அணுச்செயல் போதும்; இயங்குதளத்தைக் கூப்பிட வேண்டியதில்லை. மறுபுறம், பல கருக்கள் ஒரே மாறிக்காக ஒப்பிட்டு மாற்றிக்கொண்டிருந்தால், அந்த நினைவகத் துண்டு கருவுக்குக் கரு இழுபட்டு எல்லோரையும் மந்தமாக்கும். எனவே, வேகம் வேண்டும் என்பதற்காக மட்டும் பூட்டைக் கழற்றுபவர் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

பூட்டற்ற முறை உண்மையில் வேண்டிய இடங்கள் வேறு. ஒலியை நிகழ்நேரத்தில் இயக்கும் இழை ஒரு கணம் காத்திருந்தாலும் காதில் வெட்டு விழும். அங்கே ஒருவர் எழுத, ஒருவர் வாசிக்கும் வட்ட வரிசை ஒன்று, ஒப்பிட்டு மாற்றும் கட்டளைகூட இல்லாமல், ரிலீஸும் அக்வயரும் மட்டும் கொண்டு இயங்கும். குறுக்கீடுகளைக் கையாளும் நிரலும் பூட்டுக்காகக் காத்திருக்க முடியாது. லினக்ஸ் கருவில் வாசிப்பவர்கள் பூட்டின்றியே வாசிக்கும் ஆர்சியு முறை 2002 முதல் இருக்கிறது.

1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தார்கள். கண்டறியப்பட்ட மென்பொருள் பிழைகளில் ஒன்று, பொது மாறியைப் பாதுகாப்பின்றிப் பல வேலைகள் தொட்டது. கைதேர்ந்த இயக்குநர் விவரங்களை வேகமாகத் திருத்தினால் மட்டும் அது வெளிப்பட்டது. மெதுவாகச் சோதித்தவர்களுக்கு இயந்திரம் நல்லதாகவே தெரிந்தது.

ஒஹையோவிலும் அதுதான் நடந்தது. பூட்டற்ற நிரலாக்கத்தைக் கற்பவர் ஒரு தந்திரத்தைக் கற்பதைவிட, ஓடியது என்பதற்கும் சரி என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கற்கிறார். கற்று முடித்த பிறகு மியூடெக்ஸே போதும் என்று அவர் முடிவெடுத்தாலும், அதைப் போடும் இடமும் காரணமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.